உதட்டில் தெரிந்த பந்து

– அதுவும் போச்சா?

– மதிலைத் தாண்டிருச்சு மாப்ள. தென்னந்தோப்புல போய்த் தேடணும். கொண்டு வந்த நாலு பந்துல மூணு காலி.

– கிளமென்ட், நீ பேங்க் கவுண்டர்ல உட்கார்ந்துண்டு பாஸ்புக் என்ட்ரி போடறவன். நான் இந்தியாவுக்கு பௌலிங் போடறவன். அது ஞாபகம் இருக்கட்டும்.

– போட்டவன்னு சொல்லு முகுந்தா. ரெண்டு மேட்ச் போட்ட. அப்புறம் ரெண்டு மேட்ச் தண்ணி பாட்டில் தூக்கின. டிவில பாத்தோமே! நீ கிரவுண்டுக்குள்ள ஓடி வந்த வேகத்தைப் பாத்து, பாட்டிலை பேட்ஸ்மேன் தலையில போட்டுருவியோன்னு என் வீட்டுக்காரி லின்சி பயந்துட்டா.

– சிரி. நன்னா சிரி. பத்தாங்கிளாஸ்லேர்ந்து கூட ஆடினவன், நீயே சிரிக்கலேன்னா வேற யார் சிரிப்பா?

– கோச்சுக்காத மாப்ள. முதல் மேட்ச்ல மூணு விக்கெட் எடுத்தப்ப எடமலைப்பட்டி புதூர்ல எங்க வீட்டுல வந்து பாத்திருக்கணும் நீ. மூணாவது விக்கெட்டுக்கு மாமியாரைத் தூக்கி ஒரு சுத்து சுத்திட்டேன். இன்னும் என்கிட்ட சரியா பேசலை.

– இங்க மட்டும் என்ன? கோபுரத்துக்கு முன்னாடி என் மூஞ்சியைப் பனைமர உசரத்துக்கு பேனர் வெச்சா. "ஸ்ரீரங்கத்துப் புயல்"னு போட்டு. இன்னிக்குக் காலம்பற வரச்சே பார்க்கறேன், அதே பேனரை டீக்கடைக்காரர் அடுப்புல காத்து படாம கட்டிண்டிருக்கார். புயல் மேல பூரா வடைச்சட்டி எண்ணெய்.

– காத்தைத் தடுக்கப் புயலைக் கட்டியிருக்காரு. ஆளு விவரம்தான்.

– கிளமென்ட், விளையாடாதே. ரெண்டாவது மேட்ச்ல நாலு ஓவர்ல அம்பத்தெட்டு ரன். அதுல ஸ்லோ பால் மட்டும் ஒம்பது போட்டேன். அஞ்சு சிக்ஸ், நாலு ஃபோர். ஒண்ணுகூடத் தப்பலை. அம்மா மறுநாள் பேப்பரையே ஒளிச்சு வெச்சுட்டாளாம்.

– சரி சரி. விடு.

– எப்படி விடறது? ஞாயித்துக்கிழமை சென்னையில அதே டீமோட கடைசி மேட்ச். நம்ம பௌலர் ஒருத்தனுக்குத் தொடை பிடிச்சுண்டுடுத்து, அதனால என்னை இறக்கறா. கேப்டன் கூப்பிட்டு, "முகுந்த், இதுதான்"னு சொன்னார். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை.

– அதுக்கு மேல சொல்ல என்ன இருக்கு. கடைசி சான்ஸ்.

– அதான் ரெண்டு நாள் லீவு கேட்டுண்டு ரயிலேறி வந்தேன். அம்மா கையால சாப்பிட வரலை. உன்னைப் பார்க்க வந்தேன். உலகத்துலயே என் ஸ்லோ பாலை முதல்லேர்ந்து அடிச்சுண்டிருக்கறவன் நீதான். வேகமா போட்டா தடவறே. யார்க்கர் போட்டா குதிக்கறே. ஸ்லோ பால் மட்டும் எப்படிடா?

– எல்லாம் கண்ணுதான் மாப்ள. கூர்மையான கண்ணு.

– யாருக்கு? உனக்கா? எடமலைப்பட்டி பஸ்னு நினைச்சு துறையூர் பஸ்ல ஏறி, பாதி வழி தாண்டினப்புறம் எனக்குப் போன் பண்ணினவன் நீ.

– அன்னைக்குத் தூக்கக் கலக்கம்.

– எங்க டீம்ல வீடியோ பார்க்கறதுக்குன்னே ஒருத்தர் இருக்கார். என் விரல், மணிக்கட்டு, தோள்பட்டை எல்லாத்தையும் நாலு கேமராவுல ஓட்டி ஓட்டிப் பார்த்துட்டார். ஒரு வித்தியாசமும் இல்லைங்கறார்.

– அவரு கழுத்துக்குக் கீழதான பாத்தாரு?

– என்ன சொன்னே?

– ஒண்ணுமில்லை. நீ போய்ப் பந்தைப் போடு, வெயில் ஏறுது. பத்து மணிக்கு நான் தில்லை நகர் பிராஞ்ச்ல இருக்கணும். மேனேஜர் வேற ஒரு மாதிரியான ஆளு.

– கழுத்துக்குக் கீழேன்னா என்னடா அர்த்தம்?

– சொன்னா அடிக்கக் கூடாது.

– சொல்லு.

– முதல்ல கையில இருக்கற ஸ்டம்பைக் கீழ போடு. தள்ளிப் போடு. ஆங். மாப்ள, உன் உதடு.

– என் உதடா?

– வேகமா போட வரும்போது வாய் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கும். ஸ்லோ பால் போட வந்தா, அம்பயரைத் தாண்டுறதுக்கு முன்னாடி உன் உதடு அசையும். "ரங்கா"ன்னு.

– போடா.

– மாதா சத்தியமா. சத்தம் வராது. ஆனா உதட்டைப் பாத்தா அப்படியே தெரியும்.

– கூப்பிடறதுதான். அது வெளில தெரியறதுன்னு எனக்கு எப்படிடா தெரியும்?

– ஸ்லோ பாலுக்கு மட்டும் ஏன் கூப்பிடுற? மத்த பந்துக்கெல்லாம் அவர் வேண்டாமா?

– வேகப்பந்து என் தோளு, என் காலு. அதை நான் பார்த்துப்பேன். ஸ்லோ பால் அப்படியில்லைடா. விரல் நுனியிலேர்ந்து வழுக்கிண்டு போறது. விட்டப்புறம் எங்க போய் விழும்னு எனக்கே தெரியாது. அப்ப அவரைத்தானே கூப்பிடணும்?

– நியாயம்தான். ஆனா அவரைக் கூப்பிட்டா பேட்ஸ்மேனும் சேர்ந்து வர்றான்.

– எத்தனை வருஷமாடா தெரியும்?

– ஒரு... எட்டு வருஷம். ஒம்பதுன்னும் வச்சுக்கலாம்.

– ஒம்பது வருஷமா! ஏண்டா சொல்லலை?

– சொல்லிட்டா அப்புறம் என்கிட்ட என்னடா இருக்கு? நம்ம லீக் ஃபைனல்ல உன் பௌலிங்கை நொறுக்கி எண்பத்தேழு அடிச்சேனே, அதை வச்சுத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல பேங்க் வேலை. அன்னைக்கு லின்சியோட அப்பாவும் மேட்ச் பாக்க வந்திருந்தாரு. "முகுந்தனையே சமாளிக்கிறான், என் பொண்ணைச் சமாளிக்க மாட்டானா"ன்னு அங்கயே முடிவு பண்ணிட்டாரு. என் வேலை, என் கல்யாணம் எல்லாமே உன் உதடு போட்ட பிச்சைடா.

– அப்ப உன் கல்யாணத்துல மாலையை என் வாய்க்குன்னா போட்டிருக்கணும்! என்னைக் கடைசிப் பந்தியில உட்கார வெச்சே.

– நீ சைவம். பிரியாணி பந்தி முடியட்டும்னு வச்சேன்.

– பேச்சை மாத்தாதே. இப்ப என்ன பண்றது?

– வாயை மூடிட்டுப் போட்டுப் பாரு.

– சரி, பேட்டை எடுத்துண்டு நில்லு. வரேன்.

– வா... வா... அய்யய்யோ! யோவ் வீரமலை அண்ணே! வாட்ச்மேன் அண்ணே! ஒண்ணும் பயப்படாதீங்க, சைக்கிள் பெல்லு மட்டும்தான் போச்சு. நம்ம முகுந்தன்தான்!

– பார்த்தியா? ரங்கான்னு சொல்லலேன்னா பந்து விரலை விட்டே ஒழுங்கா வரமாட்டேங்கறது.

– அப்ப எல்லாப் பந்துக்கும் சொல்லு. எது ஸ்லோ, எது வேகம்னு எவனுக்கும் தெரியாதுல்ல.

– அதையும் பார்த்துடலாம். நில்லு.

– ... என்னடா இது? வேகமா போட்டியா, ஸ்லோ பாலா?

– வேகமாத்தான் போட்டேன்.

– எங்க பிராஞ்ச்ல செக்கு கிளியர் ஆகுற வேகத்துல வருது.

– அவர் பேரைச் சொன்ன உடனே மனசு அப்படியே அடங்கிடறதுடா. அடங்கின மனசோட ஒருத்தன் மண்டையைப் பார்த்து எப்படிப் பௌன்சர் போடறது?

– அப்ப ஒரே வழிதான் இருக்கு. மாத்திப் போடு.

– எதை மாத்தி?

– ஸ்லோ பாலுக்கு மனசுக்குள்ளயே கூப்பிட்டுக்க. கையை வாய்கிட்ட கொண்டு போற மாதிரி ஏதாவது பண்ணி உதட்டை மறைச்சுக்க. வேகமா யார்க்கர் போடும்போது, உதட்டை மட்டும் ரங்கான்னு நல்லா அசைச்சுட்டு வா. அவன் ஸ்லோ பாலுக்குக் காத்துட்டு நிப்பான். நீ அவன் கால்ல இறக்கு.

– சேச்சே. பெருமாள் பேரை வெச்சு ஊரை ஏமாத்தறதா? அபசாரம்டா. என்னால முடியாது.

– நான் சொல்லக் கூடாது, எங்க ஃபாதர் கேட்டா வைவாரு. ஆனா ஒண்ணு கேக்குறேன். உங்க பெருமாள் அங்க காலை நீட்டிப் படுத்திருக்காரே, தூங்குறாரா?

– தூங்கலை. யோக நித்திரை. தூங்கறாப்ல சயனிச்சுண்டு உலகம் பூரா நடக்கறதைக் கவனிச்சுண்டிருக்கார்.

– பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்?

– தூங்கறாப்லதான் தெரியும்.

– அவ்ளோதான். தூங்குறாருன்னு நினைச்சுத் தப்புப் பண்றவன் மாட்டிக்கிறான். அவரு அவனை ஏமாத்தலையே! அவனா ஏமாந்தா அவரு என்ன பண்ணுவாரு?

– ... உனக்கு இதெல்லாம் யார்டா சொல்லிக் கொடுத்தா?

– உன்கூட ஒம்பது வருஷம் சுத்தியிருக்கேன்ல. போ, போடு.

– வரேன். ஸ்லோ பாலா, வேகமான்னு நீயே கண்டுபிடி.

– வா ராசா. ஆங், உதடு அசையுது... ரங்கா வந்துருச்சு... ஸ்லோ பா– யம்மா! என் கட்டை விரலு! மாதாவே, விரலு இருக்கா?

– இருக்கு. ஸ்டம்புதான் இல்லை. நடு ஸ்டம்பு அந்தண்டை போய் விழுந்திருக்கு.

– ஒம்பது வருஷத்துல முதல் தடவையா என்னை போல்டு ஆக்கிட்ட. வலிக்குதுடா. ஆனா சந்தோஷமா இருக்கு. முதல் பந்துலயே எப்படி இவ்ளோ கரெக்ட்டா விழுந்துச்சு?

– ஏதோ விழுந்துடுத்து. அதை விடு. எனக்கு ஒரு சந்தேகம்.

– கேளு.

– முதல் மேட்ச்ல என் ஸ்லோ பால்லதான் மூணு பேரும் அவுட். அவாளுக்கு ஒண்ணுமே தெரியலை. நாலே நாள்ல அத்தனை பேரும் காத்துண்டு நின்னு அடிக்கறா. நடுவுல என்னடா ஆச்சு?

– தண்ணி குடிக்கிறியா மாப்ள?

– வேண்டாம்.

– இளநி?

– கிளமென்ட், என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.

– முதல் மேட்ச் முடிஞ்ச மறுநாள், கோபுரத்துக்கிட்ட ஒரு யூடியூப் சேனல்காரன் மைக்கோட நின்னான். முகுந்தனோட ஃபிரெண்டான்னு கேட்டான். எனக்குத் தலை கால் புரியலைடா. "எங்க முகுந்தன் எவ்ளோ பக்தி தெரியுமா? ஸ்லோ பால் போடும்போதெல்லாம் ரங்கான்னு சொல்லிட்டுத்தான் போடுவான், உதட்டைப் பாருங்க"ன்னு சொல்லிட்டேன். பெருமையாத்தான்டா சொன்னேன். ஒம்பது லட்சம் பேர் பாத்திருக்கான். அவனுங்க டீம்ல தமிழ் தெரிஞ்சவன் ஒருத்தன் இல்லாமலா இருப்பான்? நீ அடி வாங்கின ஒவ்வொரு பந்துக்கும் டிவியை அணைச்சு அணைச்சுப் போட்டேன். உன் பொழைப்பை நானே கெடுத்துட்டேன் முகுந்தா. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இத்தனை நாள் செத்துக்கிட்டு இருந்தேன்... திட்டவாவது திட்டு.

– தெரியும்.

– என்ன தெரியும்?

– அந்த வீடியோ. அம்பத்தெட்டு ரன் கொடுத்த மறுநாளே ஒருத்தர் அனுப்பினார். பன்னெண்டு தடவை பார்த்தேன். நீ சட்டையில ரெண்டு பட்டன் போடலை.

– அப்ப காலையிலேர்ந்து ஒண்ணும் தெரியாத மாதிரி நடிச்சியா? அந்த யார்க்கரு?

– ஆறு நாளா நெட் பிராக்டிஸ்ல அது ஒண்ணைத்தான் போட்டுப் போட்டுப் பழகிண்டிருக்கேன். பெருமாள் விஷயம் மட்டும் நிஜமாவே உறுத்திண்டிருந்தது, அதுக்கு நீ சமாதானம் சொல்லிட்டே.

– அப்புறம் எதுக்குடா என்னைத் தேடி வந்த?

– நீயா வாயைத் திறந்து சொல்றியான்னு பார்க்க வந்தேன். சொல்லாம இருந்திருந்தா இந்த ஜென்மத்துல உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்.

– அப்ப மன்னிச்சுட்டியா?

– பாதி மன்னிச்சாச்சு. மீதிக்கு, இன்னிக்கே அந்தச் சேனல்காரனைக் கூப்பிடு. அதே கோபுரத்துக்கு முன்னாடி பட்டனெல்லாம் ஒழுங்கா போட்டுண்டு நின்னு, "முகுந்தன் ஊருக்கு வந்து பெருமாளைச் சேவிச்சுட்டுப் போனான், ஞாயித்துக்கிழமை அவர் பேரைச் சொல்லாம ஒரு ஸ்லோ பால்கூடப் போட மாட்டானாம்"னு இன்னொரு பேட்டி குடு.