ரோடு மூடியிருக்கு

— மருந்து எங்க மச்சான்? வெறுங்கையோட நிக்கிறீங்களே!

— ஃபார்மஸி வரைக்கும் போக விடல அமீனா. ஹைவே முனையில போலீஸ் நிக்கிறான். ஸ்நோ எமர்ஜென்சியாம், நியூ ஜெர்சி முழுக்க ரோடு மூடியாச்சாம். வீட்டுக்குத் திரும்பிப் போன்னுட்டான்.

— நீங்களும் திரும்பி வந்துட்டீங்க! பஸீலாவப் பாருங்க. மூச்சு இழுக்கும்போது விலா எப்படி ஒட்டுது பாருங்க. மெஷின்ல ஊத்துற மருந்து காலையிலயே தீந்துபோச்சு.

— தெரியாமலா இந்தப் பனியில கார எடுத்தேன்? ஆம்புலன்சுக்கு மறுபடி போன் பண்ணியா?

— பண்ணேன். லிஸ்ட்ல இருக்கீங்க, இன்னும் மூணு மணி நேரம் ஆகும்ங்குறா. மூணு மணி நேரம் எம்புள்ள தாங்குமா?

— உம்மா... ஐ கான்ட்...

— பேசாதம்மா. வாப்பா வந்துட்டாங்க பாரு. நிமிந்து உக்காரு, உம்மா மேல சாஞ்சுக்கோ. யா அல்லாஹ், தொண்ணூத்தாறாம் வருஷம் பொறந்து ஒரு வாரந்தான் ஆகுது, இழுப்பு வர்றது இது மூணாவது தடவ.

— அநியாயத்தக் கேளு அமீனா. நான் நிக்கும்போதே ஒரு வெள்ளக்காரன் பிக்கப் வண்டில வந்தான். போலீஸ்காரன் அவன ஒரு வார்த்த கேக்கல. கைய ஆட்டி அனுப்பிட்டான். என்னய நிறுத்தி வச்ச அர மணி நேரத்துல அவன் திரும்பியும் வந்துட்டான். பின்னாடி என்னான்ற? பீர் பெட்டி! வரிசையா அடுக்கியிருக்கான்!

— பீருக்கு ரோடு தெறந்திருக்கு, எம்புள்ள மூச்சுக்கு மூடியிருக்கா?

— எங்கிட்ட மட்டும் லைசென்ஸ், இன்சூரன்ஸ், பாஸ்போர்ட், விசா, எல்லாத்தையும் கேட்டான். விசாவத் திருப்பித் திருப்பிப் பாத்தான். இன்னொரு தடவ இந்தக் கார ரோட்டுல பாத்தா அரெஸ்டுன்னான்.

— பண்ணட்டுமே! ஒரு நாள் உள்ள இருந்தா கொறஞ்சா போயிடுவீங்க?

— என்ன பேசுற நீ? கிரீன் கார்டு ஃபைல் இப்பதான் நகருது. அரெஸ்டுன்னு ஒரு வரி விழுந்தா ஆறு வருஷம் காத்துக் கெடந்தது போச்சு. மூணு பேரும் பெட்டியக் கட்ட வேண்டியதுதான்.

— மூணு பேரும் இருந்தாத்தானே மச்சான் பெட்டியக் கட்ட?

— வாயக் கழுவு அமீனா!

— அப்ப நான் நடந்து போறேன். நாலு மைல்தானே.

— ரோட்டோரமெல்லாம் இடுப்பளவு பனி. நீ திரும்பி வரமாட்ட. நான் போறேன், பூட்ஸக் கழட்டாமத்தானே நிக்கிறேன்.

— இருங்க. எனக்கு ஒண்ணுதான் புரியல. அந்தப் பாவிக்குப் புள்ள குட்டி இல்லையா? வீட்டுல கொழந்தைக்கு மூச்சு முட்டுதுன்னு சொல்லியுமா விடல?

— அந்தக் கிளவுஸ எடு, கை வெறைக்குது.

— உங்களத்தான் மச்சான். சொன்னீங்களா இல்லையா?

— அவன் கேட்டான்.

— என்ன கேட்டான்?

— விசாவத் திருப்பிக் குடுக்கும்போது கேட்டான். வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா, எதுவும் எமர்ஜென்சியான்னு.

— கேட்டானா! அல்லாவே! நீங்க என்ன சொன்னீங்க?

— அவன் கை இடுப்புத் துப்பாக்கி மேல இருந்துச்சு அமீனா. ஆபீசுல மேனேஜர் கேட்டா தெனமும் சொல்றது... வாய் தானா சொல்லிருச்சு. "நோ சார், நோ ப்ராப்ளம்"னுட்டேன்.