ஒரு சுற்றின் கடைசிப் பதினொரு நிமிடம்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. ஆய்வகத்தில் பதினாறு வருஷமாக ஒரு கால் ஆடுகிற நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். மாற்றித் தரச் சொல்லத் தோன்றியதே இல்லை.

என் வேலை எண்ணுவது. நட்சத்திரத்துக்குள் புரோட்டான் ஒன்று நைட்ரஜன் அணுக்கருவில் போய் மோதும். அநேகமாக விலகித்தான் போகும். எப்போதாவது ஒன்று ஒட்டிக்கொண்டால் நைட்ரஜன் ஆக்ஸிஜன் ஆகிவிடும்; அப்போது ஒரு சிறு கதிர் கிளம்பும். நட்சத்திரங்களில் தனிமங்கள் எவ்வளவு வேகத்தில் உருவாகின்றன என்பது அந்தக் கதிர்களை எண்ணினால் தெரியும். தரைக்கடியில் முடுக்கியை வைத்து, நைட்ரஜன் பூசிய தகட்டின்மேல் கோடிகோடியாகப் புரோட்டான்களைப் பாய்ச்சினாலும் ஒரு நாளைக்கு ஏழோ எட்டோ கதிர்தான் விழும். ஆறு நாள் ஒரே மூச்சில் ஓடினால் ஒரு சுற்று. இடையில் நின்றால் அந்தச் சுற்றைச் சேர்க்க மாட்டேன். அது வேறு யாரும் போட்ட விதி இல்லை, நான் போட்டது.

கதிரைப் பிடிக்கும் உணர்கருவியைக் குளிர வைக்கத் தினமும் திரவ நைட்ரஜன் ஊற்றுகிறவன் என் மைத்துனன். மனைவியின் தம்பி. "அவனை உங்க கூடவே வெச்சுக்கோங்க, உங்களுக்காவது அடங்குவான்" என்று அவள்தான் சேர்த்துவிடச் சொன்னாள். அடங்கவில்லை. "நாள் பூரா உக்காந்து எட்டுதான் எண்ணுனீங்களா மாமா? என் பொண்ணு நாலு வயசுலயே நூறு வரைக்கும் எண்ணுறா" என்பான். எனக்கு அவனைப் பிடிக்கும்.

அவன் உள்ளே போனால் நான் வெளியிலிருந்து ஒலிவாங்கியில் நிமிடத்துக்கு ஒரு முறை "இருக்கியா?" என்று கேட்க வேண்டும். "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் கதவைத் திறக்க வேண்டும். அவனிடம் இருக்கும் சாவியால் திறந்தால் முடுக்கி நிற்காது; சாவி இல்லாமல் வெளியிலிருந்து நான் திறந்தால் தானாக நின்றுவிடும். ஒரு தடவை அவன் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. ஓடிப்போய்த் திறந்தேன். சிரித்துக்கொண்டு நிற்கிறான். "சும்மா பாத்தேன் மாமா, வருவீங்களான்னு." ஐந்து நாள் ஓடிய சுற்று அதோடு போயிற்று. நான் திட்டவில்லை.

திரவ நைட்ரஜன் சிந்தி ஆவியானால் மூச்சுக்கு ஆக்ஸிஜன் இல்லாமல் போகும்; காற்றில் அது குறைந்தால் கத்துகிற மணி ஒன்று அந்த அறையில் உண்டு. கத்தினால் கூடவே பெரிய விசிறியும் ஓடும். விசிறியின் அதிர்வில் பொய் எண்ணிக்கை விழும். கொஞ்சம் சிந்தினாலும் கத்தி உயிரை வாங்கியது. மாதத் தொடக்கத்தில் அதன் கம்பியைக் கழற்றிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உள்ளே போயிருக்க மாட்டான்.

அன்று பகல் பன்னிரண்டுக்குச் சுற்று முடிய வேண்டும். பதினொன்று நாற்பத்தொன்பதுக்கு "இருக்கியா?" என்றேன். பதில் இல்லை. விளையாடுகிறான் என்று நினைத்ததாக உங்களுக்கு முதல் வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆனால் என் எதிரே கேமராத் திரை இருந்தது. குழாய் இணைப்பு கழன்று வெண்புகை தரையை மூடியிருந்தது. அதற்குள் அவனுடைய பூட்ஸ் இரண்டும் தெரிந்தன, மேல்நோக்கி. விளையாட்டுக்கு யாரும் அப்படிப் படுப்பதில்லை.

கேட்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை. ஒலிப்பதிவைப் பாருங்கள், பதினொரு தடவை கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு ஆனதும் கோப்பைச் சேமித்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவன் கூப்பிட்டானா?"

"கூப்பிடல" என்றேன். அதில் பொய் இல்லை, கூப்பிட்டது நான்தான். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று இருக்கிறேன்.

அந்தப் பதினொரு நிமிடத்தில் ஒரு கதிர் விழுந்தது. அந்தத் தகட்டில் ஒரே ஒரு ஆக்ஸிஜன் அணு உருவாகியிருக்கிறது. முழுச் சுற்றையும் நீக்கிவிடலாம் என்கிறார் ஆய்வக இயக்குநர். நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டும், ஐயா. நீக்க ஒரு காரணமும் இல்லை. அது இடையில் நிற்கவே இல்லை.