சுவர் பதில் சொல்லாத கேள்வி

முழங்கால் பனியில் முன்னே நடந்து, மூத்தோர் வீடுகளின் முனகலை முகம் பார்த்தே அறிந்த மூதறிவுச் செல்வியே, நீகுரா தோமியே அம்மையாரே! எங்கள் நகராட்சியின் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுப் பிரிவு, அழுகையை இருமலாக மாற்றிக்கொண்டு இப்பிரிவுபசார மடலை வாசிக்கிறது.

வீடு வீடாகச் சென்று யாருக்கு எவ்வளவு உதவி தேவையென அளந்தீர்கள். அளக்க வருகிறார் என்றதும் ஊரே உங்களை ஏமாற்றியது. நேற்றுவரை மகன் பெயர் மறந்திருந்தவர்கூட, உங்களைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து நாள், கிழமை ஒப்பிப்பார். விருந்தாளி முன் மானம் போகக் கூடாதாம். அதனால் உதவி குறையும். பார்த்துக்கொள்ளும் கிழத் துணை தேயும். அந்த மிடுக்கில் மயங்கியவர்களில் நாங்களே முதன்மையானோர்.

செரிசாவா வீட்டை மறக்க முடியுமா? நினைவு தப்பிய ஃபுமி அம்மாள், கோணலாக உதட்டுச்சாயம் பூசிய வாயோடு கதவைத் திறந்தார். எண்பது கடந்த கணவர் கோகிச்சியைக் காணோம். அவருடைய பனிக்காலணி மட்டும் வாசலில் இருந்தது.

"அவரு வெளிய போயிருக்காரு. உக்காருங்க."

ஒவ்வொரு கேள்விக்கும் அந்த அம்மாள் மெல்லிய பலகைச் சுவர்ப்பக்கம் தலை சாய்த்தார். சற்றுப் பொறுத்தார். பிறகு பிசகாத பதில். உங்களோடு வந்த எங்கள் இளம் ஊழியர் ஓபா, "அம்மா, இவங்களுக்கு என்னைவிட ஞாபகம் ஜாஸ்தி" என்று குதூகலமாகக் குறித்துக்கொண்டிருந்தார். சுவருக்குப் பின்னால் கேட்ட சத்தத்தை எலி என்று நினைத்தாராம்.

நீங்கள்தாம் காகிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டீர்கள்: "உங்க வீட்டுக்காரர் நல்லாத் தூங்கறாரா?"

அம்மாள் தலை சாய்த்தார். காத்திருந்தார். இன்னும் சாய்த்தார். சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

"இதுக்கு மட்டும் சொல்லித் தரமாட்டேங்கறாரே" என்றார் சிரித்தபடி.

நீங்கள் ஓடிப்போய்ச் சுவருக்கு அப்பாலிருந்த குளியலறையைத் திறந்தீர்கள். விடியலில் விழுந்து இடுப்பொடிந்த கோகிச்சி, சுவரோடு வாய் வைத்துக் கிடந்தார். உதடு நீலம், விரல் நுனியில், கிடந்தபடியே மனைவிக்குப் பூசிவிட்ட சிவப்பு. உதவிக்குக் கூவவில்லை. அவள் தலைகுனியக் கூடாதென்று பதில்களை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"படுத்துக்கிட்டே வணக்கம் சொல்றேன், மன்னிச்சுக்குங்க" என்றார்.

பிழைத்தார். இருவருக்கும் முழு உதவி கிடைத்தது. அன்றிலிருந்து எங்கள் முதல் கேள்வி, படுத்திருப்பவரைப் பற்றியதல்ல, பார்த்துக்கொள்பவரைப் பற்றியது.

அம்மையாரே, பக்கவாதத்தில் விழுந்த உங்கள் கணவர் மசாதோஷி ஐயாவை, இந்த வேலையை விட்டு, இனி முழுநேரமும் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். நேற்று அலுவலகத்தில் ஓபா கேட்டார்: "நீங்க தூங்கறீங்களா அம்மா?"

நீங்கள் அலமாரிப்பக்கம் தலை சாய்த்தீர்கள். சற்றுப் பொறுத்தீர்கள்.

"நல்லாத் தூங்கறேன். நீ வேலையப் பாருப்பா."

கணப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் எங்களுக்குக் குளிரெடுத்தது.

ஆகவே, வாழ்த்துமுன் ஒரு வேண்டுதல். அடுத்த மாதம் உங்கள் வாசலில் அளக்க வந்து நிற்கப்போவது நாங்கள்தாம். அன்று ஐயாவுக்குத் தலை வாரிவிடாதீர்கள். கலைந்த வீட்டைக் கலைந்தபடியே காட்டுங்கள். தேநீரை நாங்களே போட்டுக்கொள்கிறோம். ஓபாவை அடுப்பருகே விடமாட்டோம். அந்த முதல் கேள்வியைக் கேட்போம். நீங்கள் எந்தப் பக்கமும் தலை சாய்க்காமல் பதில் சொல்லும்வரை எழுந்திருக்கமாட்டோம்.

ஆழ்ந்து உறங்கி, அயர்வின்றி எழும் காலைகள் உங்களுக்கு எண்ணற்று விடிக!

இப்படிக்கு,
உங்களிடம் மட்டும் ஏமாற மறுக்கும்
உங்கள் பிரிவினர்