மாடு எப்போது தண்ணீர் குடிக்கும்?

அவையைக் கட்டிக்காக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியோர்களே, பால் கறந்த கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, என்னிடம் படித்து இன்று மாடு வளர்க்கும் மாணவச் செல்வங்களே, கடைசி வரிசையில் தூணோரம் அமர்ந்திருக்கும் பால்கார அம்மா அவர்களே, அனைவருக்கும் தலை தாழ்ந்த வணக்கம். வழக்கத்தைவிட இன்று கொஞ்சம் அதிகமாகவே தாழ்ந்திருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டாவது கிணற்றுப் பம்பை எதைக்கொண்டு ஓட்டுவது? மின்சாரமா, டீசலா, சூரியனா? "வாத்தியார் சொன்னாச் சரிதான்" என்று தலைவர் மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டார். முதல் கிணற்றுக்கும் இப்படித்தான் கொடுத்தீர்கள். அன்று நான் என்ன செய்தேன்?

கரும்பலகை கேட்டேன்! மாடுகள் அறுபது, மாட்டுக்கு நாற்பது லிட்டர், நாளுக்கு இரண்டாயிரத்து நானூறு லிட்டர் என்று எழுதினேன். மின்கம்பி வர மூன்று கிலோமீட்டர். டீசல் என்ஜினை முடுக்க தினமும் ஓர் ஆள். சூரியனுக்கு விடுமுறை உண்டா, வீம்பு உண்டா, விண்ணப்பம் எழுத வேண்டுமா என்று முழங்கினேன். கைதட்டினீர்கள். அந்தச் சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது.

அப்போதுதான் இந்தப் பால்கார அம்மா எழுந்தார். "சார், வெயில் நேரத்துல மாடெல்லாம் மேய்ச்சல்ல இருக்குமே. அப்ப ஊத்துற தண்ணிய யாரு குடிக்கிறது?"

"ஏம்மா, உங்க மாடு கடிகாரம் கட்டியிருக்கா? உட்காருங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

யாரப்பா அங்கே இன்னும் சிரிப்பது? வேண்டாம் தம்பி. அன்று சிரித்ததே போதும்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். உச்சி வெயிலில் சூரியப் பம்பு கொட்டியது. இருந்ததோ முந்நூறு லிட்டர்த் தொட்டி. நிரம்பியது, வழிந்தது, சுற்றிலும் சேறானது. வெயில் சாய்ந்து பம்பு ஓய்ந்த பிறகு அறுபது மாடும் ஒன்றாகத் திரும்பின. எட்டு மாடு குடிப்பதற்குள் தொட்டி வறண்டது. மற்றவை முட்டின, மோதின, முண்டின. நான்காம் நாள் இந்த அம்மாவின் சினைமாடு சேற்றில் சறுக்கி விழுந்தது. மாடு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை.

யார் சேறு அது? கிணற்றின் சேறா? சூரியனின் சேறா? என் கரும்பலகையின் சேறு, ஐயா!

அவர் தொழுவத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "பெரிய தொட்டியா கட்டச் சொல்லியிருக்கேம்மா" என்று மட்டும் சொன்னேன். "சரிங்க சார். இந்த வாளியக் கொஞ்சம் பிடிங்க" என்றார். பிடித்தேன். அந்த மாடு ஒரே மூச்சில் வாளியைக் காலி செய்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று என் கையை முட்டியது. நாற்பது லிட்டர் என்று அத்தனை பேர் முன்னால் எழுதியவன், ஒரு மாடு தண்ணீர் குடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தது அன்றுதான்.

என்ன? "பரவால்ல சார், விடுங்க" என்கிறீர்களா? எப்படி விடுவது? நாற்பது ஆண்டு வகுப்பறையில் "கேள்வி கேளுங்கள், கேள்வி கேளுங்கள்" என்று கத்தியவன் நான். சரியான கேள்வி ஒன்று வந்தபோது அதை உட்கார வைத்தவனும் நானே! என் வெட்கம் என்னோடு போகட்டும். இன்னொரு கன்று போகக் கூடாது.

அதனால் இந்தக் கிணற்றுக்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை. என் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.

அம்மா, என்னை மன்னித்துவிடுங்கள். அன்று உங்களை உட்காரச் சொன்னேன். இதோ, நான் உட்காருகிறேன். நீங்கள் எழுந்து வாருங்கள். மாடு எப்போது தண்ணீர் குடிக்கும்?