ஊசிக்கோபுர மாளிகையை இடிக்க வந்தவருக்கு

அந்த சுண்ணாம்புக் கட்டியைக் கொஞ்சம் கீழ வெய்யி, ஓவர்சீரு நைனா. நீ கோடு போட்டுட்டா நாளைக்கே கடப்பாரையோட வந்துருவானுங்க. இடிக்கிறதுக்கு முன்னால இது இன்னா மாளிகைன்னு தெரிஞ்சிக்க வேணாமா? நான் கோதண்டம். கொத்தனாரு. அம்பது வருசத்துக்கு முந்தி இதைக் கட்டுன ஆளுங்கள்ல மிச்சம் கீறது நான் ஒருத்தந்தான். அதனால நான் சொல்றதுக்கு எதிர்சாட்சி கெடையாது.

வளைவெல்லாம் ஏன் இப்டி கூரா கீது தெரியுமா? இதைக் கட்டுன ஜமீந்தாரு சீமைக்குப் போயி, ஒரு சர்ச்சுல உக்காந்தபடியே தூங்கிட்டாரு. முழிச்சிப் பாத்தா, தலைக்கு மேல கும்புட்ட கை மாதிரி வளைவு. ஓகோ, நம்மளத்தான் கும்புட்றாங்கன்னு நெனச்சிக்கினாரு. ஊரு திரும்புனதும், எந்தப் பக்கம் பாத்தாலும் என்னைக் கும்புட்ற மாதிரி வூடு கட்டுங்கடான்னுட்டாரு.

சிரிக்காத. அந்த ஊசிக்கோபுரத்துல சுத்திச் சுத்திப் போற படிக்கட்டு கீதே, கிரகப்பிரவேசத்தன்னிக்கி அதுல ஏறுனவரு தொந்தி மாட்டிக்கினு எறங்க முடியல. பதினோரு நாளு கூடையில கயிறு கட்டி இட்லி ஏத்துனோம். அப்புறம் எப்டி எறங்குனாரா? இட்லியை நிறுத்துனோம்.

இருவது வருசத்துக்கு முந்தி ஜெர்மன்காரன் எம்டன் கப்பல்ல வந்து குண்டு போட்டானே, இந்தக் கோபுரத்தைப் பாத்துட்டு, சர்ச்சுன்னு நெனச்சி, பீரங்கியை அந்தாண்ட திருப்பிக்கினான். இன்னா, அன்னிக்கி நீ ஹார்பர்லயே இருந்தியா? சரி, அதை வுடு.

செவுரு உப்பு பூத்துப்போச்சி, ஒத்துக்கிறேன். கோபுரம் சாஞ்சிகினு கீது, அதையும் ஒத்துக்கிறேன். தண்டவாளம் இது வழியாத்தான் போவணும்னா போவட்டும். பின்பக்கம் மட்டும் ஒருவாட்டி வந்து பாரு நைனா.

மேல, மழைத்தண்ணி கொட்ற எடத்துல எட்டு மூஞ்சி கீதா? படம் வரஞ்ச தொரை பேய் மூஞ்சியாக் குடுத்தாரு, வாய் வழியாத் தண்ணி வரணும்னு. நாங்க திருஷ்டி பொம்மையாக்கும்னு மீசை, கோரப்பல்லு, தொங்குற நாக்குன்னு வெச்சிட்டோம். தொரை தலையில கைய வெச்சிக்கினாரு. எட்டாவது என் பங்கு. அன்னிக்கி காலையிலதான் வூட்டுல சண்டை. கைக்கு வந்த மூஞ்சியை சுதையில புடிச்சிட்டேன். புருவத்தைத் தூக்கிகினு, வாயைத் தொறந்துகினு, அப்டியே கெங்கம்மா. என் பொஞ்சாதி. மொத மழையில வந்து பாத்தா. ஒரு மாசம் சோறு போடல.

அவ போயி ஆறு வருசம் ஆச்சி. போட்டோ கீட்டோ எடுத்துக்கல. மழை பேஞ்சா இங்க வந்து கீழ நிப்பேன்.

மத்த ஏழையும் இடிச்சித் தள்ளு. இவளை மட்டும் செங்கல்லோட நானே பேத்து எறக்கிக்கிறேன். கயிறு கொண்ணாந்துகீறேன். நீ ஏணியைப் புடிச்சிக்கினா போதும்.

கொஞ்சம் தள்ளி நில்லு, தூறல் புடிச்சிக்கிச்சி. அவ ஓவர்சீருன்னெல்லாம் பாக்க மாட்டா.