கால் மணி தூரத்துக்கு ஒரு ஹாஸ்டல்

செபஸ்தியான்: அண்ணே, நான் இழுக்கல... கயித்தச் சும்மா தொட்டேன், அது தானா...

சமையல்கார அழகர்சாமி: சாப்பாட்டு மணி தானா நாலு தடவ அடிச்சுதாக்கும். அங்க பாருங்க தம்பி. அத்தன பயலும் தட்டத் தூக்கிட்டு வரிசையில நிக்கிறான். எனக்கு இன்னும் ஒலையே கொதிக்கல.

செபஸ்தியான்: எவ்வளவு சத்தமாக் கேக்கும்னு பாத்தேங்க.

அழகர்சாமி: கேட்டுச்சா?

செபஸ்தியான்: கேட்டுச்சுங்க.

அழகர்சாமி: சந்தோஷம். வார்டன் ஃபாதருக்கும் கேட்டிருக்கும். ஹாஸ்டல்ல எடம் பாக்க வந்தீங்களா? எந்த ஊரு?

செபஸ்தியான்: பொன்மலை.

அழகர்சாமி: ...எந்தப் பொன்மலை?

செபஸ்தியான்: இந்தப் பொன்மலைதாங்க.

அழகர்சாமி: சைக்கிள்ல மிதிச்சா கால் மணி. ஒங்களுக்கு எதுக்கு ஹாஸ்டல்?

செபஸ்தியான்: ஒழுக்கம் கத்துக்க...

அழகர்சாமி: வந்ததுமே நல்லாத்தான் கத்துக்கிட்டீங்க. வராந்தாக் கோடியில நிக்கிறாரே, அவரு யாரு?

செபஸ்தியான்: எங்க அப்பா.

அழகர்சாமி: இவ்வளவு களேபரத்துலயும் நோட்டீஸ் போர்டு படிச்சிட்டிருக்காரே.

செபஸ்தியான்: ரயில்வே பாய்லர் ஷாப்ல வேலைங்க.

அழகர்சாமி: அதான் அசரல. கூட்டிட்டுக் கெளம்புங்க. வரிசைக்கு நான் பதில் சொல்லணும்.

செபஸ்தியான்: அப்பா... அப்பா... வாங்கப்பா, வெளிய போயிருவோம்.

பாக்கியநாதன்: இந்தப் பக்கம் வா. ம்... இந்த ஹாஸ்டல் வேணாம்டா.

செபஸ்தியான்: ஏன்?

பாக்கியநாதன்: இந்நேரத்துக்கே பசங்க தட்டோட நிக்கிறானுங்க பாரு. சோறு பத்தாத எடம்.

செபஸ்தியான்: மணியடிச்சதாலதான்ப்பா வந்தாங்க.

பாக்கியநாதன்: மணியா... ஆமா ஆமா, மணி.

செபஸ்தியான்: நேத்து ஸ்ரீரங்கத்துல பாத்ததையும் வேணாம்னுட்டீங்க. விடியக்காலம் எல்லாப் பசங்களும் சேந்து பாசுரம் சொன்னா கொள்ளிடக்கரை வரைக்கும் கேக்கும்னு அந்த ஹாஸ்டல் நடத்துற சௌரிராஜன் சாரே சொன்னாரு. எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

பாக்கியநாதன்: ஞாயித்துக்கெழம பூசைக்குப் போற பய, ஒனக்குப் பாசுரம் எதுக்கு?

செபஸ்தியான்: அந்தச் சத்தத்துல நான் என்ன கத்துனாலும்...

பாக்கியநாதன்: வெங்காயம்னு சொன்னதுக்கே அவரு மொகம் போன போக்கப் பாத்தியா? ஒங்கம்மா கருவாடு குடுத்து விட்டா எங்கடா ஒளிப்பே?

செபஸ்தியான்: அதுக்கு முந்தி பாத்தது?

பாக்கியநாதன்: அங்க சாப்பாடு ரொம்ப நல்லாருந்துச்சு. வீட்டு ஞாபகமே வராது. வேணாம்.

செபஸ்தியான்: நல்லாருந்தாலும் வேணாம், இல்லாட்டியும் வேணாம். எந்த ஹாஸ்டல்தான்ப்பா ஒங்களுக்குப் பிடிக்கும்?

பாக்கியநாதன்: ...ஷாப்ல மத்தியானச் சங்கு ஊதிருச்சா?

செபஸ்தியான்: இப்பத்தானே ஊதி முடிச்சுது. ஊரே கேட்டுச்சே.

பாக்கியநாதன்: லாரி போச்சுல்ல... நீ ஏன்டா திரும்பத் திரும்ப எடது பக்கமே வர்றே? இந்தப் பக்கம் வா. வந்து சொல்லு. வீட்ட விட்டு ஓட ஏன் இந்தத் துடி துடிக்கிறே? அம்மா ஏதாவது சொன்னாளா?

செபஸ்தியான்: இல்ல.

பாக்கியநாதன்: அப்ப நானா?

செபஸ்தியான்: ...நீங்கதான்.

பாக்கியநாதன்: நான் என்னடா பண்ணேன்?

செபஸ்தியான்: தூங்குறீங்க.

பாக்கியநாதன்: தூங்குறது குத்தமாடா?

செபஸ்தியான்: குத்தமில்ல. நைட் ஷிப்ட் முடிச்சு நீங்க படுத்தா, வீட்ல ஈ கூடப் பாத்துத்தான் பறக்கும். அம்மா குழம்பத் தாளிக்கிறதில்ல. தங்கச்சி அமலா கொலுசக் கழட்டி வெச்சிருவா. எனக்கு வாய்விட்டுப் படிச்சாத்தான் மண்டையில ஏறும். எஸ்.எஸ்.எல்.சி. பூரா தண்ணி டேங்குக்கு அடியில நின்னுதான் கத்துனேன். எனக்குத் தெரிஞ்ச சரித்திரம் அங்க படுத்திருக்கிற நாய்க்கும் தெரியும்.

பாக்கியநாதன்: அதுக்கு?

செபஸ்தியான்: இனிமே பி.யு.சி. நாய் பத்தாதுப்பா. சத்தமான ஹாஸ்டல் ஒண்ணு கெடச்சா நானும் படிப்பேன், நீங்களும் நிம்மதியாத் தூங்குவீங்க.

பாக்கியநாதன்: அப்ப ஒழுக்கம்னது...

செபஸ்தியான்: அம்மா சொல்லிக் குடுத்தது. தூக்கம் கெட்டு நீங்க ஷாப்ல கைய கியைய நசுக்கிக்குவீங்கன்னு அவங்களுக்குப் பயம். சரி, நான் உண்மையச் சொல்லிட்டேன். நீங்களும் நேராச் சொல்லுங்க. அந்த மணி என் காதையே பொளந்துச்சு. நீங்க திரும்பக்கூட இல்லியே... ஏன்ப்பா?

பாக்கியநாதன்: ...எடது காது சுத்தமாப் போயிருச்சுடா. வலதுல பாதிதான் இருக்கு. வீட்ல எல்லாரும் ரகசியமாவே பேசுனீங்களா, காது போனதே எனக்கு ரொம்ப நாளாத் தெரியல. தெரிஞ்சப்புறம், டாக்டரு எழுதி ஷாப்ப விட்டு அனுப்பிருவாங்கன்னு வாயத் தொறக்கல. வலது காதத் தலகாணியில அமுக்கிப் படுத்தேன்னா, அந்தச் சங்கத் தலமாட்டுல வெச்சு ஊதுனாலும் எந்திரிக்க மாட்டேன். அமலாவக் கொலுசு போட்டுக்கச் சொல்லு. ஒங்கம்மாவத் தாளிக்கச் சொல்லு. நீ என் கட்டில்லயே ஒக்காந்து கத்திப் படி. பரீட்சைக்கு முந்தி மட்டும் என்னைய எழுப்பி, இந்தப் பக்கமா வந்து ஒரு தடவ படிச்சுக் காட்டிரு. அந்த நாய்க்குத் தெரிஞ்சது எனக்கும் தெரிய வேணாமாடா?