ஜாயின்ட் ஆறும் வரை

வெல்டிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் முதலில் பெரிய மெஷினாகப் பார்த்துத்தான் ஆசைப்படுவார்கள். நானும் அப்படித்தான் கடையில் எருமை மாதிரி கிடந்த ஒன்றைக் காட்டி விலை கேட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர். ஆள் கிடைத்தான் என்று அதை என் தலையில் கட்டாமல் விசாரித்தார்.

"சார், இது பட்டறைக்காரங்க வாங்குறது. நீங்க எதுக்குக் கேக்குறீங்க?"

"வீட்டு வேலைக்கு."

"முன்ன பின்ன பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல. இனிமேதான் கத்துக்கணும்."

"அப்போ இந்தச் சின்ன இன்வெர்ட்டர் மெஷின் எடுத்துக்கங்க. பட்டையைத் தோள்ல மாட்டிக்கிட்டு மாடி ஏறிடலாம்."

மாடி என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவர் வாயில் தானாக வந்தது. உடனே அதையே எடுத்துக்கொண்டேன். கூடவே பொறி தெரிந்ததும் தானாக இருண்டுவிடும் முகமூடி, தோல் கையுறை, உருக்கி ஒட்டுகிற ராடு ஒரு கட்டு. முகமூடியில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள் என்றார். கண் போனால் வராது என்பது எனக்கும் தெரியும்.

எப்போது திட்டம் போட்டாய் என்று நீங்கள் கேட்டீர்கள். திட்டம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். மருந்து மொத்தக் கடையில் ஸ்டோர் பார்க்கிறவன் நான். நாள் முழுக்க அட்டைப் பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இரும்பைத் தொட்டால் ஒரு தெம்பு வருகிறது.

வீட்டில் நானும் தங்கச்சியும்தான். அப்பாவும் அம்மாவும் போனபோது அவள் பள்ளிக்கூடப் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போகிற வயசு. தலை பின்னிவிடக்கூட நான்தான் கற்றுக்கொண்டேன். பிறகு எனக்கென்று ஒரு கல்யாணம் வேண்டும் என்று தோன்றவில்லை. தங்கச்சிக்காகத் தன் வாழ்க்கையையே விட்டுக்கொடுத்தவன் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை. குட்டி என்று நான் கூப்பிட்ட பெயர், அவளுக்கு நாற்பது நெருங்கியும் மாறவில்லை. மொட்டை மாடியில் இருக்கிற ஒற்றை அறை அவளுடையது. வெளிப்படியில் ஏறினால் ஒரே ஒரு இரும்புக் கதவு, ஒரு ஜன்னல். வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே அந்த ஜன்னலில் விளக்கு தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பசிக்கும்.

வெல்டிங்கில் முதல் கஷ்டம், ராடு ஒட்டிக்கொள்வது. தீக்குச்சி உரசுவதுபோல் லேசாக உரசி உடனே தூக்க வேண்டும். எனக்குக் கை நடுங்கும், ராடு போய் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். குட்டி மேலிருந்து பார்த்துச் சிரிப்பாள்.

"அண்ணா, இரும்ப ஒட்டச் சொன்னா நீ குச்சியை ஒட்டுற."

ஒரு வழியாகக் கை நின்றதும் நாலு துண்டுகளை ஒட்டி எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருப் பட்டறைக்காரரிடம் காட்டினேன். மேலே வரிவரியாக அழகாகத்தான் இருந்தது. அவர் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாகப் போய்விட்டது.

"ஒட்டியிருக்கு சார், பிடிக்கல. உள்ள உருகி ஒண்ணா ஆனாத்தான் ஜாயின்ட்டு."

இன்னொரு துண்டில் விரிசல் ஓடியிருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சூட்டோட தண்ணி ஊத்துனீங்களா?"

"சீக்கிரம் ஆறட்டும்னு ஊத்தினேன்."

"அடப்பாவமே. அது தானா ஆறணும். தண்ணி வாளி பக்கத்துல இருக்கணும், அது எங்கயாச்சும் தீப்பிடிச்சா அணைக்க. ஜாயின்ட்டு மேல ஒரு சொட்டு படக்கூடாது. வேலை முடிஞ்சதும் எழுந்து ஓடாதீங்க. கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்து பாருங்க. பொறி எங்க போய் உக்காருதுன்னு சொல்ல முடியாது. துணி, அட்டை எதுவும் கிட்ட வெக்காதீங்க."

சொன்னதைக் கேட்டு நடக்கிற ஆள் நான். அதன்பின் ஒருநாளும் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

முதலில் அவள் ஜன்னலுக்குக் கம்பி அடித்தேன். திருட்டுப் பயம் இருக்கிறது என்றேன். "இவ்வளவு நெருக்கமாவா? கொசு கூட வயித்த எக்கிக்கிட்டுத்தான் வரணும்" என்றாள். என் வேலையில் அவளுக்குப் பெருமைதான். யார் வந்தாலும் காட்டினாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும் காட்டினாள்.

அவரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவளுக்கு அடிக்கடி தலைவலி வரும். கண்ணைச் சோதித்துவிட்டு வா என்று நான்தான் அந்தக் கடைக்கு அனுப்பினேன். தலைவலி நிற்கவில்லை, கடைக்குப் போவதும் நிற்கவில்லை. கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அண்ணா, நாங்க பதிவுக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அவரு வேற ஊர்ல கடை போடுறாரு. ஞாயித்துக்கிழமை கெளம்புறேன். நீ சந்தோஷமா அனுப்பணும்."

சந்தோஷம்தான் என்றேன். கை கழுவப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. தெருமுனையில் திரும்பும்போது ஜன்னல் இருட்டாக இருக்கும். நான் வளர்த்த பிள்ளை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாள் குறித்திருக்கிறாள்.

இரண்டு நாள் யோசிக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் இல்லை. பூட்டுப் போட்டால் பூட்டை உடைக்கலாம், யாராவது சாவி கேட்டால் கொடுக்க வேண்டிவரும். ஜாயின்ட் என்றால் பேச்சே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவளுக்குத் தலைவலி வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாள். நான் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினேன். மெஷின் கடைக்காரர் சொன்னது நிஜம், கனமே தெரியவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தேன். கதவுக்கு முன்னால் கிடந்த மிதியடியை எடுத்துத் தூரப் போட்டேன், துடைப்பத்தையும் நகர்த்தினேன். இதெல்லாம் நான் கவனமாகத்தான் செய்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

கதவையும் இரும்பு நிலையையும் சேர்த்து மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. அடியில் செய்யும்போது படுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஜாயின்ட் மேல் படிந்த கசடைச் சுத்தியலால் தட்டியபோது அவள் குரல் வந்தது.

"அண்ணா, என்ன சத்தம்?"

"கதவுல சின்ன வேலை. நீ தூங்கு."

"சரிண்ணா."

கதவுக்கு அடியில் விரல் நுழைகிற அளவு இடைவெளி உண்டு. பொறி அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. அந்தப் பக்கம் அட்டைப் பெட்டிகளில் அவளுடைய துணிமணிகள் இருந்தன. அது எனக்குத் தெரியாது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அது சரியில்லை. பெட்டிகளை ஸ்டோரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது நான். ஏற்றுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று காலையில் கதவோரமாக அடுக்கியதும் நான்தான்.

வேலை முடிந்ததும் நான் எழுந்து ஓடவில்லை. படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வாசனை வந்தது. பிறகு அடியிலிருந்து புகை. அவள் கதவைத் தட்டினாள்.

"அண்ணா, புகையா வருது. கதவத் தெற."

கொஞ்சம் கழித்து வேறு மாதிரி சொன்னாள்.

"நான் போகலண்ணா. எங்கயும் போகல. தெறண்ணா."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவும். கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அழுகைகூட வந்தது. இன்னொரு தடவை சொல்லட்டும் என்று இருந்தேன். அவள் சொல்லவில்லை.

தீயணைப்புக்காரர்கள் வந்தபோது ஜாயின்ட் மூன்றும் அசையவில்லை. கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் கீல் பக்கம் அறுத்துத்தான் திறந்தார்கள். குட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்தாளாம். என்னைப் பார்க்க விடவில்லை. பட்டறைக்காரர் மட்டும் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து கதவைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

வாளி பக்கத்திலேயே இருந்ததே, அதில் தண்ணீர் தளும்பத் தளும்ப இருந்ததே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இருந்தது, நான் பிடித்து வைத்ததுதான். ஆனால் ஜாயின்ட் இன்னும் ஆறவில்லை. ஊற்றியிருந்தால் விரிசல் விட்டிருக்கும்.